சாம்பல்சத்து இல்லாத சாம்பல்

மார்கழிப் பனி இலையில் ஈரமாக நிற்கும் விடியற்காலையில், அவரைப் பந்தலின்கீழ் நின்று, முந்தின நாள் அடுப்பில் வாரிய சாம்பலைக் கொழுந்தெல்லாம் மொய்த்த அசுவினியின்மேல் கைவிரலால் தூவிச் செல்லும் பெண்களை, ஒரு தலைமுறைக்கு முன்வரை செங்கற்பட்டுச் சீமையின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடியதாக இருந்தது. பனியீரம் காயுமுன் தூவினால்தான் சாம்பல் இலையில் ஒட்டும் என்பது அவர்கள் அறிந்த சாஸ்திரம். தூவியது போக மிஞ்சியது பூசணிக் குழிக்கும் வாழையின் அடிக்கும் போயிற்று. அதற்கு விளக்கம் எவரும் கேட்டதில்லை, காய்த்த காயே போதிய விளக்கமாக இருந்தது. பிற்காலத்தில் இரசாயன உரங்கள் வந்து, நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் பொட்டாசியத்துக்கும் விவசாயியின் வாயில் நுழையும் பெயர்கள் தேவைப்பட்டபோது, முன்னவை தழைச்சத்து, மணிச்சத்து என்று பெயர் பெற, மூன்றாவதற்குச் ‘சாம்பல்சத்து’ என்ற பெயர் நிலைத்ததில், அந்த அடுப்பங்கரை அனுபவத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று கருதுவது பிழையாகாது.

இப்போது, அதே பெயரைத் தாங்கிக்கொண்டு, வேறொரு பதார்த்தம் கழனியின் வரப்பில் வந்து நிற்கிறது. அனல்மின் நிலையங்களில் எரிந்து கழிந்த நிலக்கரியின் சாம்பலை மண்ணைத் திருத்தும் பொருளாகப் பயிர்நிலங்களில் இடலாம் என்ற யோசனை உலகத்துக்குப் புதியதன்று. நம் நாட்டிலும் 1994-இல் மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை தொடங்கிய சாம்பல் இயக்கம் விவசாயத்தைத் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டிருந்தது. இந்த யோசனையை முற்றாக மறுப்போரும் உண்டு, ஏதோ கிடைத்தற்கரிய எருவைப்போல் போற்றுவோரும் உண்டு. இருசாராரும் பெரும்பாலும் ‘சாம்பல்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். சொல் ஒன்றாயிருப்பினும் அது குறிக்கும் பொருள்கள் பிறப்பாலும் குணத்தாலும் வேறாதலின், ஆராய்ச்சியைப் பிறப்பிலிருந்து தொடங்குவதே முறை.

விறகு, நேற்றுவரை உயிரோடிருந்த மரம். அது தன் வேரால் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட சுண்ணாம்பையும் பொட்டாசியத்தையும், அடுப்பின் மிதமான தீ நீரில் எளிதில் கரையும் உப்புகளாக விட்டுச் செல்கிறது. நிலக்கரியோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் அமிழ்ந்த தாவரத்தோடு, அந்தச் சேற்றின் களியையும் மணலையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு இறுகியது. இந்திய நிலக்கரியில் சாம்பலாகக்கூடிய பங்கு 30 முதல் 45 சதவீதம் வரை இருப்பதற்குக் காரணம் இதுவே. மாவாக அரைத்து, 1300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஊதி எரிக்கும்போது, அந்தக் களியும் கல்லும் உருகிப் புகையோடு மேலெழுந்து, குளிர்ந்ததும் கண்ணுக்குப் புலப்படாத சிறு கண்ணாடிக் குண்டுமணிகளாகின்றன. புகைபோக்கிக்கு முன்னால் மின்விசையால் இழுத்துப் பிடிக்கப்படும் அந்த மணிகளே உலைச்சாம்பல். மணலின் மூலமாகிய சிலிக்கா, களியின் மூலமாகிய அலுமினா, இரும்பு, சிறிது சுண்ணாம்பு என்பன அதன் உடம்பு. தழைச்சத்து தீயிலேயே காற்றோடு போய்விட்டது. மக்கிய பொருள் என்பது பேருக்கும் இல்லை. பொட்டாசியம் ஓரளவு இருந்தாலும், அதில் பெரும்பகுதி கண்ணாடிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. சாம்பல்சத்தைத் தரமாட்டாத சாம்பல் என்று இதைச் சொன்னால், விளையாட்டாகத் தோன்றினும் உண்மை அதுவே.

ஆகவே இதை உரம் என்று அழைப்பது பொருந்தாது. பொருந்தாத பெயரைச் சூட்டி, பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்கவில்லையென்று பழிப்பதும் நியாயமாகாது. இதன் ஆதரவாளர்களில் விஷயம் அறிந்தவர்கள் கோருவது வேறு. மண்ணின் கட்டமைப்பைத் திருத்தும் சக்தி இதற்கு உண்டு என்பதே அவர்கள் கட்சி. அந்தக் கட்சியைச் சோதித்துப் பார்க்க மாமல்லபுரம் கடற்கரையைவிடத் தகுந்த இடம் அகப்படுவது அரிது.

கோவளத்திலிருந்து தெற்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாறு கடல் சேரும் வாயலூர், அதற்கப்பால் கடலூர்க் கிராமம், செய்யூர் என்று போகும் கரையோர நிலம், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் பெரும்பாலும் மணல். சவுக்கும் தென்னையும் நிலக்கடலையும், வேனிலில் தர்ப்பூசணியும் அங்கே விளைகின்றன. காலையில் இறைத்த நீர் மாலைக்குள் வேரைக் கடந்து கீழே போய்விடும். இட்ட உரமும் அந்நீரோடு போய்விடும். அடிக்கடி இறைத்தால் நன்னீர் குறைந்து, கடல்நீர் கிணற்றுக்குள் ஏறும் அபாயம் வேறு. இப்படிப்பட்ட மண்ணுக்கு வேண்டுவது, பெருமணலின் இடைவெளிகளை அடைத்து நீரைத் தடுத்து நிறுத்தும் நுண்துகள். உலைச்சாம்பலின் துகள் ஏறக்குறைய வண்டலின் பருமனுடையது. மணலில் அதைக் கலந்தால் நீர்ப்பிடிப்பு உயர்கிறது என்பது பல தேசங்களின் ஆராய்ச்சிகளிலும் மீண்டும் மீண்டும் தெரியவந்த முடிவு. களிமண்ணில் கலந்தாலோ, இறுக்கம் தளர்ந்து காற்றும் வேரும் புகும் வழி உண்டாகிறது. இது மெய்யான குணம்; எதிர்ப்பாளர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது அவர்கள் வாதத்துக்கு அழகு சேர்க்கவில்லை.

ஆனால் எவ்வளவு கலந்தால் இந்தக் குணம் தோன்றும் என்ற கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு ஏக்கர் மணல் நிலத்தில், உழுபடையின் ஆழமாகிய 15 சென்டிமீட்டர் வரை உள்ள மண்ணின் எடை ஏறத்தாழ ஆயிரம் டன். அதில் ஐந்து டன் சாம்பலை இடுவது, ஓர் அண்டா கஞ்சியில் ஒரு சிட்டிகை மாவைக் கரைத்துக் கெட்டியாகும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ந்தால்தான் மணலின் சுபாவம் மாறுமென்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு நூறு டன் வேண்டும். பத்து டன் ஏற்றும் லாரிகள் பத்து வந்து இறக்கவேண்டும். அந்த நூறு டன்னில் நன்மை செய்யும் நுண்துகள் மட்டும் வருவதில்லை. டன்னுக்கு 100 கிராம் குரோமியம் உள்ள சாம்பலாயின், ஒரே தடவையில் பத்துக் கிலோ குரோமியம் ஓர் ஏக்கரில் இறங்குகிறது. நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்டு உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதாவது டன்னுக்கு 50 கிராம் குரோமியம். ஏக்கருக்கு ஐந்து டன் கம்போஸ்டு இட்டால், வரம்பின் விளிம்பிலேயே அது நின்றாலும், கால் கிலோதான் சேரும். குப்பைக்கு ஒரு நியாயம், சாம்பலுக்கு நாற்பது மடங்கு தாராளமான வேறொரு நியாயம் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. சாம்பலிலுள்ள குரோமியத்தில் பெரும்பகுதி கண்ணாடிக்குள் கட்டுண்டு, எளிதில் பயிரை எட்டாத நிலையில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நேர்மை. கட்டு எத்தனை காலம் நிற்கும் என்பது மண்ணின் புளிப்பையும் உவர்ப்பையும் நீரையும் பொறுத்தது. நிலத்தைப் பேரனுக்கு விட்டுச்செல்லும் குடியானவனுக்கோ, அந்தக் காலக்கணக்கு அலட்சியம் செய்யத்தக்கதன்று.

உலோகங்களைப் பற்றிய பயமே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆயினும் பயிரை முதலில் தாக்குவது உலோகமன்று, போரான். இங்கிலாந்தில் 1950-களில் உலைச்சாம்பல் மேடுகளில் பயிரிட்டுப் பார்த்தபோது, இலை விளிம்பு கருகிப் பயிர் குன்றியதற்குப் போரான் மிகுதியே முக்கியக் காரணமென்று கண்டார்கள். பீட்ரூட் தாங்கிற்று; பீன்ஸ் போன்ற அவரை இனங்கள் தாங்கவில்லை. அடுப்புச் சாம்பலை அன்போடு ஏற்றுக்கொண்ட அவரைப் பந்தலுக்கு உலைச்சாம்பல் ஒவ்வாது போவதைப் பெயர் மயக்கத்துக்கு இயற்கை அளித்த மறுப்பு என்று கொள்ளலாம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நம் கடற்கரை மணலில் போரான் பற்றாக்குறை சாதாரணம். தென்னையில் குருத்தோலை விரியாமல் சுருங்குவதும், நிலக்கடலையின் பருப்பு நடுவில் குழிந்துபோவதும் அதன் அடையாளங்கள். ஆதலால் சிறிதளவு சாம்பல் அங்கே மருந்தாகவும் கூடும். ஆனால் ஒரு கிலோ மண்ணில் அரை மில்லிகிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை, சில மில்லிகிராம் ஏறினாலோ நஞ்சு என்று அமைந்த இந்தச் சத்தின் குறுகிய பாதையில், லாரிக் கணக்கில் கொட்டி அளவு பார்க்க முடியாது. போரான் ஒன்றுதான் வேண்டுமென்றால் ஏக்கருக்குச் சில கிலோ வெண்காரம் போதும். அதற்குப் பத்து லாரிகள் வேண்டா.

நாட்பட மழையில் நனைந்து கிடந்த பழஞ்சாம்பலில் போரானும் உப்பும் பெரும்பாலும் கழுவப்பட்டுப் போயிருக்குமாதலால், புதுச்சாம்பலைக் காட்டிலும் அது சாது. ஆனால் கழுவப்பட்டது எங்கே போயிற்று என்று கேளாமல் இருப்பதெப்படி? வட சென்னைக்கு அப்பால், அத்திப்பட்டுப் பகுதியில் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கத்து மக்களும், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் வலைவீசும் எண்ணூர்ப் பகுதி மீனவர்களும் அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள். குழாய் வெடிப்புகளிலிருந்து கசிந்த சாம்பற் குழம்பு அந்த ஆற்றின் படுகையை எவ்வாறு தூர்த்ததென்பது பல வழக்குகளிலும் ஆய்வறிக்கைகளிலும் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று: கடல்நீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பிய சாம்பலாயின், அதில் கடலுப்பும் சேர்ந்தே வரும். உவர்க்கும் கிணறுகளோடு ஏற்கெனவே போராடும் கரையோர விவசாயிக்கு உப்பை விலையின்றிக் கொண்டுவந்து கொடுப்பது உபகாரமாகாது.

மணலை விட்டு உள்நாட்டுக்கு வந்தால், ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற செங்கற்பட்டின் நன்செய். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களில் நெல் விளைந்த பூமி. நெல், மண்ணிலிருந்து சிலிக்காவை வேறெந்தத் தானியத்தையும்விட விரும்பி உண்ணும் பயிர். அதனால் தண்டு உறுதிப்பட்டு, சாய்வும் குலைநோயும் தண்டு துளைப்பானும் குறைகின்றன. உலைச்சாம்பலைச் சிலிக்கா மூலமாக நெல்லுக்கு இடும் முயற்சி கொரியாவில் சிரத்தையோடு நடந்திருக்கிறது. அங்கே மண் புளிப்பு மிக்கது, சிலிக்கா தேய்ந்தது. சாம்பலின் கார குணம் அங்கே ஒரு கூடுதல் லாபம். நம் நன்செய் மண்ணில் பெரும்பகுதி புளிப்பு மிக்கதன்று. அந்த லாபம் இங்கே செல்லாக்காசு. தேங்கிய நீரில் காற்றில்லாத சேற்றில், ஆர்சனிக் தன் கட்டவிழ்ந்து நீரில் கரையும் வடிவம் கொள்வதும், சிலிக்கா நுழையும் அதே வாசல் வழியாக நெல்லின் வேருக்குள் புகுவதும் இரசாயனிகள் நன்கறிந்த சங்கதி. இந்திய நிலக்கரியில் ஆர்சனிக் பொதுவாகக் குறைவு என்பது ஆறுதல். ஆனால் இறக்குமதிக் கரியும் கலந்து எரியும் இக்காலத்தில், வந்திறங்கும் சாம்பல் எந்த நாட்டுக் கரியின் எச்சம் என்று வயலில் நின்று சொல்ல இயலாது.

நெல்லுக்குச் சிலிக்கா வேண்டுமெனில் அதைத் தேடி அத்திப்பட்டுக்குப் போவானேன்? நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. புழுங்கலரிசி ஆலைகளின் கொதிகலன்கள் தின்று கழித்த உமிச்சாம்பல், மதுராந்தகம், செங்கற்பட்டு வட்டாரங்களின் ஆலைகளுக்குப் பின்னால், அப்புறப்படுத்த ஆள் தேடும் குவியலாக எத்தனையோ நாள் கிடந்ததை அவ்வழி போனவர்கள் பார்த்திருப்பார்கள். வயலிலிருந்து போனது வயலுக்குத் திரும்புவதாகையால், புதிய பாஷாணம் எதையும் அது கொண்டுவருவதில்லை. மிகுந்த வெப்பத்தில் எரிந்தால் அதன் சிலிக்காவும் எளிதில் கரையாது என்ற குறை இதற்கும் உண்டு. குறைகளைச் சொல்லும்போது நமக்கு வேண்டிய பொருளுக்குச் சலுகை காட்டக்கூடாது.

இங்கே நெய்வேலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகும். தமிழ்நாட்டில் இவ்விஷயத்தின் உழைப்பு மிகுதியும் நடந்தது அங்கேதான். தன் நிலத்துக்கு நீர் வேண்டிக் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், நீரோடு வெளிவந்த கரிய பொருளைக் கண்டு அதிகாரிகளுக்கு அறிவித்ததிலிருந்து தொடங்கிய கதை அது. பயிருக்காகத் தோண்டிய கிணறு மின்சாரத்துக்கு வழிவிட்டு, கடைசியில் சாம்பலாக மறுபடியும் பயிரிடம் வந்து நிற்கிறது. பழுப்பு நிலக்கரியின் சாம்பல் கறுப்பு நிலக்கரியினதைவிட அளவில் மிகக் குறைவு. சுண்ணாம்பும் கந்தகமும் அதில் அதிகம். நிலக்கடலைக்குப் பூத்து விழுதிறங்கும் தருணத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த சாம்பல் ஏன் கவனத்துக்குரியது என்பது விளங்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலார் அச்சாம்பலை நெல்லின்மேல் தூளாகத் தூவிப் பூச்சி ஒடுக்குவதிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அவரைப் பந்தலின்கீழ் நின்ற பெண்ணின் சாஸ்திரம் சோதனைச்சாலைக்கு வந்து சேர்ந்தது என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நெய்வேலியில் கிடைத்த முடிவை எண்ணூரின் சாம்பலுக்கு எடுத்துக் காட்டுவது, பசுவின் பாலைப் பற்றிய பத்தியத்தை எருக்கம் பாலுக்குச் சொல்வது போலாகும். பழுப்பு நிலக்கரியை எரிக்காமலே, அதிலிருந்து ஹியூமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து மண்ணுக்கும் பயிருக்கும் தரும் முறையையும் நெய்வேலி நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமே உருவாக்கியது என்பதை நினைக்கும்போது, எரிந்த கரியைவிட எரியாத கரியே மண்ணுக்கு அதிக உறவு என்று தோன்றாமலில்லை.

எந்தத் தேவை இந்த யோசனையை முன்னால் தள்ளுகிறது என்று இனிக் கேட்கவேண்டும். இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் ஆண்டுதோறும் 25 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சாம்பலைக் கழிக்கின்றன. அதற்கு இடம் வேண்டும். 2021 டிசம்பர் 31-ஆம் நாள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, சாம்பலைப் பயன்படுத்தத் தகுந்த வழிகளாகச் செங்கல், சிமெண்டு, சாலை, அணை, தாழ்நிலம் நிரப்புதல் என்று அடுக்கிச் செல்லும் வரிசையில், மண் பரிசோதனையை அடிப்படையாகக் கொண்டு கட்டுப்பாடான முறையில் விவசாயம் என்பதையும் வைத்தது. வரிசையில் இடம்பெற்றதே தவிர, நாட்டின் மொத்தச் சாம்பலில் கழனிக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முப்பது ஆண்டுக் காலம் சோதனையும் பிரசாரமும் நடந்த பின்னும் விவசாயி இதைத் தேடிப் போகவில்லை. தழைச்சத்தும் இல்லை, சாம்பல்சத்தும் இல்லை, சுமைகூலியோ தன் தலையில் என்ற கணக்கை அவர் எழுத்தில்லாமலே போட்டுவிட்டார். எருவின் மதிப்பு நிலத்தின் பசியிலிருந்து அளக்கப்படவேண்டியது. குவியலின் உயரத்திலிருந்து அளக்கும்போது, கழனி என்பது குப்பைமேட்டுக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது.

செங்கற்பட்டு மாவட்டத்தில் அனல்மின் நிலையம் இல்லை. கல்பாக்கத்தில் இருப்பது அணுவைப் பிளந்து பெறும் மின்சாரம். ஆனால் செய்யூரில் 4000 மெகாவாட் சக்தியுள்ள மாபெரும் நிலக்கரி நிலையம் ஒன்று எழவிருந்தது. பனையூரில் அதற்கென்று தனித் துறைமுகம், வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் நடுவில் சாம்பல் குளம் என்று திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஏரிப்பாசன விவசாயிகளும் ஓதியூர்க் காயலை நம்பிய மீனவர்களும் அதை எதிர்த்து நின்றார்கள், வழக்காயிற்று, ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டுக் கைவிடப்பட்டன, நிலையம் எழவேயில்லை. எழுந்திருந்தால், செய்யூர் வட்டத்து மணற்காடுகள் நிலம் திருத்தல் என்ற அழகான பெயரோடு அச்சாம்பலுக்கு முதல் விருந்தோம்பலைச் செய்திருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை.

கழனிக்குள் போகாமலே கழனிக்கு உலைச்சாம்பல் செய்யும் உதவி ஒன்று உண்டு. அது உள்ளே போய்ச் செய்யும் உதவியைவிடப் பெரிது. செங்கற்பட்டு என்ற பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பார்கள். பூவின் பெயரில் செங்கல் புகுந்துகொண்டது போலவே, பூ மலர்ந்த தாங்கல்களின் ஓரத்திலும் சூளைகள் புகுந்தன. நன்செயின் மேல்மண்ணை இரண்டடி மூன்றடி ஆழத்துக்கு வெட்டி விற்றுவிட்டு, மிஞ்சிய கட்டாந்தரையில் பயிர் வரவில்லையென்று வருந்திய வயல்கள் பாலாற்றங்கரையில் எத்தனையோ. 1999 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளிவந்த முதற் சாம்பல் அறிவிக்கை, மேல்மண்ணைக் காப்பதையே தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லி, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் செய்யும் களிமண் செங்கல்லில் நான்கில் ஒரு பங்காவது சாம்பல் சேரவேண்டுமென்று விதித்தது. வட்டம் 2003-இல் 100 கிலோமீட்டராகவும், 2016-இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. முதல் வட்டத்துக்கு வெளியே தப்பி நின்ற செங்கற்பட்டு நகரம் இரண்டாவதில் உள்ளே வந்தது. இன்று மாவட்டத்தின் கட்டடங்களில் பெருகிவரும் சாம்பல்நிறக் கற்களில் ஒவ்வொன்றும், எங்கோ ஒரு வயலின் மேல்மண்ணில் ஒரு கைப்பிடியை வயலிலேயே விட்டுவைக்கிறது. ஆங்கிலேயர் பீட்டர்பரோவில் செய்தது இதற்கு மறுதலை: செங்கல்லுக்காகத் தோண்டித் தோண்டிப் பள்ளமான களிமண் குழிகளில், 1960-களின் நடுவிலிருந்து ரயில் ரயிலாகச் சாம்பலைக் கொண்டுவந்து நிரப்பி, அதன்மேல் மண் பரப்பிப் பயிரிட்டார்கள். சாம்பலின்மேல் மண் பரப்பினார்களே தவிர, மண்ணின்மேல் சாம்பல் பரப்பவில்லை.

எல்லாவற்றையும் விலக்கிவிட்டேனா என்றால், இல்லை. சவுக்குத் தோப்புக்கு ஒரு விதிவிலக்குத் தரலாம் என்று எண்ணுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காக இக்கரையில் பரவிய மரம் அது, உண்ணும் பண்டமன்று, தன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரால் தழைச்சத்தைத் தானே ஈட்டிக்கொள்வதால், சாம்பலின் முதற்குறை அதைப் பாதிப்பதில்லை, நாற்று நட்ட முதல் வேனிலைக் கடக்க மணலில் ஈரம் நின்றால் போதும், பிறகு அது பிழைத்துக்கொள்ளும். நாட்பட்ட, உப்புக் கழிந்த சாம்பலை, தோப்பு முழுதும் கொட்டாமல், நாற்றுக் குழியில் மட்டும் மக்கிய எருவோடு கலந்து இடுவது பயனுள்ள முயற்சியாகலாம். அங்கும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. பிற்பகலில் தவறாமல் எழும் கடற்காற்று, காய்ந்த சாம்பலை மாவாகத் தூக்கிக்கொண்டு குடியிருப்புகளின்மேல் போடும். மீனவக் குப்பங்கள் குடிநீருக்கு நம்பியிருப்பதோ அதே மணலின் மேலடுக்கில் மழைநீர் தங்கும் ஊற்றை. நிலக்கடலைக்கு இந்த விதிவிலக்கு செல்லாது. காரச் சாம்பல் சேர்ந்த மண்ணில் பயறு வகைகள் மாலிப்டினத்தை மிகுதியாக உறிஞ்சும். கடலைக்கொடியைத் தின்னும் மாட்டுக்கு அதனால் தாமிரப் பற்றாக்குறை வரும். நோய் தொழுவத்தில் தெரியும்போது காரணம் கொல்லையில் இருப்பதை எவர் ஊகிப்பார்?

மண் பரிசோதனையின் அடிப்படையில் என்ற சட்டத்தின் சொற்களை நம்பி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். 2015 முதல் விவசாயிகளுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கின்றன: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், பேரூட்டங்கள் மூன்று, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். சாம்பலின் முதற்குற்றவாளியாகிய போரான் அதில் அகப்படுகிறது, உப்பும் அகப்படுகிறது. ஆர்சனிக், குரோமியம், நிக்கல், செலினியம், மாலிப்டினம் என்ற பெயர்களுக்கு அந்த அட்டையில் கட்டமே இல்லை. எதைச் சோதிக்கவேண்டுமோ அதைச் சோதிக்காத பரிசோதனையின் அடிப்படையில், கட்டுப்பாடு என்பது எங்கிருந்து வரும்?

மணலைத் திருத்த இந்தச் சீமையில் வேறு வழியில்லாமலும் இல்லை. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் அடிவண்டலை வெட்டி மேட்டு மணற்கொல்லைகளுக்கு அடிப்பது இங்கே பழைய வழக்கம். இடையில் நின்றுபோய், குடிமராமத்து மீண்டும் பேசப்பட்ட 2017-இல் அரசு விலையின்றி வண்டல் எடுக்க அனுமதித்தபோது மறுபடி உயிர்பெற்றது. சென்னையை ஒட்டிய ஏரிகளில் சாக்கடை கலந்திருப்பதால் அங்கத்து வண்டலையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கில்லை. மதுராந்தகத்துக்குத் தெற்கே இன்னும் அந்தப் பயம் குறைவு. வண்டல் வந்து இறங்கியதும், கொல்லைக்காரர் ஒரு கைப்பிடி எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். நல்ல வண்டல் முறியாமல் திரியாக நீளும், அந்த ஒட்டே நீரையும் உரத்தையும் பிடித்துவைக்கும் ஒட்டு. உலைச்சாம்பலை அவ்வாறே பிசைந்து உருட்டினால், எத்தனை நுண்மையாக இருந்தும், திரி ஆகாமல் உதிர்ந்துவிடும். கையைத் தட்டிக்கொண்டு, இது எந்த ஊர்ச் சாம்பல், எந்தக் கரியினுடையது என்று அவர் கேட்டால், லாரிக்காரர் நீட்டும் சீட்டில் எடை மட்டும் எழுதியிருக்கும்.